எந்தப் பக்கமா வுழுந்துது?

எங்கள் கன்றுக்குட்டி ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டிப் பக்கத்து நிலக்காரருடைய கொல்லைக்குள் போய்விட்டது. அவர் அதை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. வேப்பமரத்தில் கட்டிப்போட்டு, தண்ணீர் காட்டி, சாயங்காலம் தானே பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார். இன்னொரு கையில் ஒரு கூடை இருந்தது. கூடையில் சாணி.

"உங்க கன்னுக்குட்டி எங்க பக்கமா போட்டுடுச்சி. ஒண்ணு வுடாம பொறுக்கியாந்துட்டன்," என்றார்.

"அது இன்னா மாமா பெரிய விஷயம், கொல்லியிலயே கெடக்கட்டுமே," என்றேன்.

"உங்க மாட்டுச் சாணி எங்க கொல்லியில இன்னாத்துக்கும்மா கெடக்கணும்? எங்களுது எங்களுக்கு, உங்களுது உங்களுக்கு."

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் நானே நடித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் கூடையை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நைனார்பாளையத்தில் எங்கள் மானாவாரிக் கொல்லைக்கு மேற்கே அவருடைய கொல்லை. நடுவில் ஒரு வரப்பு. வரப்பை ஒட்டி, எங்கள் பக்கத்தில், என் மாமனார் வைத்த பெரிய புங்கமரம். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் என்ற முறையில் என் கணவர் சித்தப்பா என்பார், நான் மாமா என்பேன், மகளுக்கு அவர் தாத்தா. பெயரை எழுதப் போவதில்லை. செத்தவர் பெயரை இழுத்துத் திட்ட எனக்கு விருப்பமில்லை, திட்டாமல் எழுதவும் என்னால் முடியாது.

ஒல்லியான, நெட்டையான மனிதர். தலையில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. நடக்கும்போது எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். எது நடந்தாலும் அவர் வாயில் முதலில் வரும் கேள்வி ஒன்றே ஒன்று: "எங்க பக்கமா, உங்க பக்கமா?" கோழி புதரில் முட்டை இட்டாலும் அதுதான். பனம்பழம் விழுந்தாலும் அதுதான். புங்கமரம் பூத்து உதிரும் காலத்தில் விளக்குமாற்றோடு வந்து, தன் கொல்லையில் விழுந்த பூவையெல்லாம் கூட்டி எங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போவார். நெல் வயலில் போட்டு மிதிக்கப் புங்கந்தழை வேண்டுமென்று ஊரே எங்களிடம் கேட்டு வாங்கிப் போகும். இவருக்கு மட்டும் அது "உங்க குப்ப."

மரத்தின் நிழல் அவர் கொல்லையில் எதுவரை விழுகிறது என்று குச்சி நட்டு வைத்திருந்தார். வெயில் சாயச் சாயக் குச்சியைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார். என் கணவர் ஒருநாள் கேட்டார்: "இன்னா சித்தப்பா, நெழலுக்குப் பட்டா வாங்கப் போறீங்களா?"

"சிரிடா, சிரி. நெழல் மேல கெடக்குது, கண்ணுல தெரியுது. அடியில வேரு எதுவரைக்கும் வந்துக்கினு இருக்குதுன்னு எவன்டா பார்த்தான்?"

இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். பாகம் பிரிந்த பிறகு அவருடைய அண்ணன் ஒவ்வொரு உழவிலும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இவர் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தாராம். கூடப் பிறந்தவன் என்று இவர் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் கிணறு அண்ணன் பக்கம் போயிருந்தது. இந்தக் கதை எனக்கும் தெரியும். அவரைப் பற்றி நான் கோபமாகப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதை எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அண்ணன் திருடினால் அண்ணன் காலை வெட்டட்டும். என் மகள் என்ன செய்தாள்?

நான் கரியாலூரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். தினமும் கல்வராயன் மலை ஏறி இறங்கும் வேலை. ஒருநாள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே அவருடைய குரல் கேட்டது. மாட்டுக்கு மருந்துக்காகக் கடுக்காய் வாங்க மலைக்கு வந்தவர், எதிரில் இருந்த கொல்லைக்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொல்லையில் சாமையும் துவரையும் ஆமணக்கும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. மலையில் அப்படித்தான் விதைப்பார்கள்.

"இன்னாய்யா இது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கினு! துவரைக்குப் போட்ட ஒரத்த சாம தின்னுட்டுப் போனா நீ இன்னா பண்ணுவ?"

மலைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரம் போட்டாதான சாமி தின்னுட்டுப் போறதுக்கு? நா போடவே இல்லியே."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேருந்து வரும்வரை அந்தக் கொல்லையையே முறைத்துக்கொண்டிருந்தார். தப்பு நடந்துகொண்டிருக்கும் இடத்தைப் போலீஸ்காரர் பார்ப்பாரே, அந்த மாதிரி.

அந்த வருஷம் புரட்டாசி விதைப்பு நேரத்தில் கடைகளில் டிஏபி உரம் கிடைக்கவில்லை. இருந்ததை ஆளுக்கொரு மூட்டை என்று கொடுத்தார்கள். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தபோது அவருடைய கொல்லை முழுக்க இலை ஓரம் ஊதா நிறமாக மாறியது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், போதாவிட்டால் சோளம் அப்படித்தான் ஊதாவாகும். எங்கள் கொல்லையிலும் அங்கங்கே இருந்தது, ஆனால் கம்மி. அவர் முன்பு மரவள்ளி வைத்து, கிழங்கு அழுகிப் போன கோபத்தில், கடைக்காரர் கொடுத்த பூஞ்சைக்கொல்லியைக் கொல்லை முழுவதும் ஊற்றியவர். கோடையெல்லாம் ஒரு புல் இல்லாமல் ஆழ உழுது காயப் போட்டு வைக்கிறவர். அதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. வரப்பின்மேல் நின்று புங்கமரத்தைக் கைநீட்டிக் காட்டினார்.

"உங்க மரம் எங்க சத்த உறிஞ்சிக்கினு நிக்குது. அதான் உங்களுது பச்ச, எங்களுது ஊதா. மரத்த வெட்டுங்க."

என் கணவர் சண்டைக்குப் போகாதவர். "பாக்கலாம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. அவள் ஊஞ்சல் கட்டி ஆடிய மரம் அது. மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று அவள் செய்த வேலையை நான் அடுப்பங்கரையில்தான் கண்டுபிடித்தேன். என் இட்லிப் பானையில் மண்ணை அவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நாளைக்கு எதுல இட்லி ஊத்தறது?"

"மண்ணுல இருக்கற பூஞ்ச, பாக்டீரியா எல்லாம் சாவணும்மா. அப்பதான் வித்தியாசம் தெரியும். கழுவித் தர்றன், கத்தாத."

பழைய பெயிண்ட் வாளிகளில் அவித்த மண்ணை நிரப்பிச் சோளம் ஊன்றினாள். பாதி வாளிகளில் புங்கமரத்தடி மண்ணிலிருந்து ஒவ்வொரு பிடி கலந்தாள். மீதி வாளிகளிலும் அதே மண்தான், ஆனால் அவித்தது. ஒரே தண்ணீர், ஒரே வெயில். மரத்தடி மண்ணை அவிக்காமல் போட்ட வாளிகளில் சோளம் பச்சையாக எழும்பியது. அவித்துப் போட்ட வாளிகளில் குட்டையாக நின்று ஊதாவானது. நான் அறிவியல் படித்தவள்தான். ஆனாலும் மொட்டைமாடியில் அந்த இரண்டு வரிசையையும் பார்த்தபோது என் மகளைப் பற்றி எனக்கு வந்த பெருமையை இங்கே எழுத முடியவில்லை.

"வேர் போவ முடியாத எடத்துக்கெல்லாம் பூஞ்ச போவும்மா," என்று சாப்பிடும்போது சொன்னாள். "முடிய விட மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. மணிச்சத்த எடுத்தாந்து வேருக்குக் குடுக்கும். வேரு அதுக்கு சக்கர குடுக்கும். புங்கவேருல முடிச்சு முடிச்சா இருக்குது பாரு, அது பாக்டீரியா. அது காத்துலேர்ந்து தழைச்சத்த எடுத்துக் குடுக்குது. வரப்புக்கு அந்தாண்ட இருக்கற செடியோட கூட இந்தப் பூஞ்ச சேர்ந்துக்கும்."

இதையே அவள் வரப்பில் நின்று அவரிடமும் சொன்னாள். பச்சை வாளி ஒன்றையும் ஊதா வாளி ஒன்றையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். நானும் கூட இருந்தேன். அவர் வாளிகளைப் பார்க்கவே இல்லை. வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"இரு பாப்பா, இரு. முடிய விட மெல்லிசா ஒண்ணு இருக்குதா?"

"ஆமா தாத்தா."

"அது வரப்புக்கு அடியில பூந்து இந்தாண்டைக்கும் அந்தாண்டைக்கும் போய்க்கினு வந்துக்கினு இருக்குதா?"

"ஆமா தாத்தா! அதத்தான் சொல்றன்."

"சத்த எடுத்துக்கினு போவுதா?"

"எடுத்துக்கினும் போவும், குடுக்கவும் குடுக்கும்."

"குடுக்கறத யாரு பார்த்தா?" என்றார் அவர். முகம் இருண்டு போயிருந்தது. "அப்ப வேர வெட்டுனா மட்டும் பத்தாது."

பக்கத்து மரத்தின் வேர் வராமல் இருக்க வரப்போரம் பள்ளம் வெட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். தென்னைக்கும் தைலமரத்துக்கும் எல்லோரும் வெட்டுவார்கள். முழங்கால் ஆழம் இருக்கும், வெட்டி வேரை அறுத்துவிட்டுத் தூர்ந்துபோக விட்டுவிடுவார்கள். அவர் சித்திரையில் பொக்லைன் கொண்டுவந்து ஆள் உயரத்துக்குத் தோண்டினார். தோண்டிய மண்ணையெல்லாம் தன் கொல்லையில் பரப்பி உழுதார், எங்கள் பக்கம் ஒரு கூடை விழவில்லை. பிறகு பண்ணைக்குட்டைக்கு அடியில் விரிப்பார்களே, தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், அதை வாங்கி வந்து பள்ளத்தின் அடியையும் இரண்டு சுவரையும் மூடி விரித்தார். முடியைவிட மெல்லியது எதுவும் போகக் கூடாது என்பதற்காக.

வேரை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, வேரைவிட மெல்லியது ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவள் என் மகள். அந்தக் கறுப்பு ஷீட் அவள் சொன்ன பாடத்தால் வந்தது. இதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. அவருடைய கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதை எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. பள்ளம் வெட்டியதும் அவருக்கே வழி அடைபட்டுப் போயிற்று. கவலையே படவில்லை. மேற்கே ஏரிக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் வந்தார். "உங்க பாத உங்களுக்கு" என்று எங்களிடம் சொல்லவும் செய்தார்.

மழை பிடித்தது. பள்ளம் நிரம்பியது. ஷீட் விரித்த பள்ளத்தில் தண்ணீர் இறங்காது, அப்படியே நிற்கும். அந்த வருஷமும் அவருடைய சோளம் ஊதாவாகத்தான் வந்தது. மரத்தைப் பிரித்த பிறகும் ஊதா என்றால் மரம் காரணம் இல்லை என்று என் மகள் துள்ளிக் குதித்தாள். முளைக்காமல் விட்ட இடங்களில் அவர் மறுபடி விதை ஊன்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு நாள், புங்கமரத்தடி மண்ணை ஒரு தூக்குச்சட்டியில் அள்ளி எடுத்துக்கொண்டு போனாள். விதைக்குழியில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள் என்று அவரிடம் கொடுக்கத்தான். எங்கள் பக்கத்துக் கரையில் நின்று "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டிருக்கிறாள். ஊறிப்போன கரை சரிந்தது.

நீச்சல் தெரியாது. தண்ணீர் அவளுக்குக் கழுத்தளவுதான். ஆனால் நிற்க முடியவில்லை, ஏற முடியவில்லை. பிடிக்க ஒரு வேர் இல்லை, ஒரு கல் இல்லை, மண்கூட இல்லை. எந்தப் பக்கம் கையை ஊன்றினாலும் கறுப்பு ஷீட், வழவழவென்று. மண்சுவராக இருந்திருந்தால் நகத்தால் பறித்தாவது ஏறியிருப்பாள்.

அவருடைய கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலைதான் முதலில் பார்த்தாள். "ஐயா, பாப்பா பள்ளத்துல வுழுந்துடுச்சிய்யா!" என்று கத்தியிருக்கிறாள். அவர் ஓடித்தான் வந்தார், நடந்து வரவில்லை. ஓடி வந்து, கரையில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"எந்தப் பக்கமா வுழுந்துது? அவங்க பக்கமா, எங்க பக்கமா?"

என் மகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை மேலே போட்டிருந்த ஆண்சட்டையோடு நின்று சேலையை அவிழ்த்து முறுக்கிப் பள்ளத்துக்குள் வீசினாள். "எந்தப் பக்கமா வுழுந்தா இன்னாய்யா, புடிய்யா!" என்று அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். தினக்கூலிக்கு வந்தவள் அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அவர் பிடித்தார். களை வெட்ட வந்த மற்றப் பெண்களோடு சேர்ந்து அவரும் இழுத்தார். அதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் கரியாலூரில் இருந்தேன். "பாப்பா தண்ணில..." என்பதோடு சிக்னல் அறுந்துவிட்டது. பேருந்தில் ஏறிவிட்டேன். வெள்ளிமலை தாண்டி இறங்கும் வளைவுகளில் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். தண்ணியில் என்ன? எந்தத் தண்ணியில்? ஒரு அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு முடிவை நானே எழுதி, அடுத்த வளைவில் அழித்தேன். கச்சிராயபாளையம் வந்த பிறகுதான் மறுபடி மணி அடித்தது. "உசுரு இருக்குது" என்றார் என் கணவர். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் கத்திய கத்தலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நுரையீரலில் தண்ணீர் போய்க் காய்ச்சலாகக் கிடந்தாள். இரும இரும மார்பு துள்ளியது. ஓரளவு தேறி வந்தபோது அவர் பார்க்க வந்தார். ஆரஞ்சு இல்லை, ரொட்டி இல்லை. கையில் எங்கள் தூக்கு. விழும்போது மகள் கையிலிருந்து எகிறி அவருடைய கரையில் போய் விழுந்திருக்கிறது.

"உங்க தூக்கு. எங்க பக்கமா கெடந்துது," என்று கட்டிலுக்கு அடியில் வைத்தார். பிறகு, "மண்ணும் அப்பிடியே இருக்குது. கொட்டுனத வாரிப் போட்டுட்டன்."

என் மகள் அந்தத் தூக்கையே பார்த்தாள். அவருக்குக் கொடுக்கக் கொண்டுபோன மண்.

"பாப்பா தண்ணியில தத்தளிக்கும்போது எந்தப் பக்கம்னு கேட்டீங்களாமே, மாமா. நெஜமா?" என்றேன்.

மறைப்பார் என்று நினைத்தேன். "கேட்டன்" என்றார். "நாளைக்கு யாருன்னா கேப்பாங்க இல்லம்மா."

"எழுந்து வெளிய போங்க."

என் குரலில் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். என்ன தப்பு செய்தோம் என்று உண்மையாகவே தெரியாதவரைப் போல விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, போனார். அந்த முழியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நடிப்பாக இருந்திருந்தால்கூட என்றாவது மன்னித்திருப்பேனோ என்னவோ.

பள்ளத்தை மூடச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். "எங்க நெலத்துல நா வெட்டுனது" என்றார். நான் மனு கொடுத்து அளக்க வைத்தேன். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, பள்ளம் முழுவதும் அவருடைய நிலத்தில்தான் இருக்கிறது, விரற்கடைகூட உங்கள் பக்கம் வரவில்லை என்றார். இவர் பெருமையாகத் தலையாட்டினார். அப்புறம் ஒரு வேலி போட்டார். கருவேல முள்ளை வெட்டி வந்து பள்ளத்தின் ஓரமாக நட்டார். அவருடைய கரையில் மட்டும். எங்கள் கரையில் நாங்கள் போட்டுக்கொள்ள வேண்டுமாம். "பக்கத்துக் கொல்லக்காரங்க, நாளைக்கும் மூஞ்சில முழிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் போய் முள் வெட்டினார். அன்று அவரோடும் நான் பேசவில்லை.

இதற்கிடையில் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டார். மரங்களெல்லாம் மண்ணுக்கடியில் கைகோத்துக்கொண்டு அன்பாக ஒன்றுக்கொன்று ஊட்டுகின்றனவாம், மனிதன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கீழே பத்துப் பேர் கும்பிட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழுவை விட்டே வெளியே வந்துவிட்டேன். அன்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மணிச்சத்து மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சைக்குச் சர்க்கரையைக் குறைத்துவிடும். தழைச்சத்து கொடுக்காத பாக்டீரியா முடிச்சைப் பட்டினி போடும். என் மகள்தான் இதையும் சொன்னாள். அங்கேயும் இழுபறி இருக்கிறது. ஆனால் மூழ்குகிற ஒன்றைப் பார்த்து எந்தப் பக்கம் என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் கார்த்திகை மழையில் அவர் செத்துப் போனார். மார்வலி. முன்பே இடம் சொல்லி வைத்திருந்தாராம்: தன் கொல்லையின் கிழக்கு மூலை, எங்கள் வரப்பை ஒட்டி. "என்னத் தாண்டி எவனும் வரப்ப நவுத்த முடியாது" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மூலைக்கு அவரை எப்படிக் கொண்டுபோவது? ஏரி நிரம்பி மேற்குப் பாதை தண்ணீருக்குள் இருந்தது. கிழக்கே அவரே வெட்டிய பள்ளம்.

அவருடைய பெரிய பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றான். தலை நனைந்திருந்தது.

"அண்ணி, உங்க பாதையில தூக்கிக்கினு போவணும். பள்ளத்துல ஒரு எடத்துல மூடுனாதான் தாண்ட முடியும். எங்க கொல்லி பூரா சேறு, மண்ணு எடுக்க வழியில்ல. புங்கமரத்தாண்ட உங்க மேட்டுல கொஞ்சம் எடுத்துக்கட்டா?"

அவருடைய கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. துக்க வீட்டுப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

"எடுத்துக்கோ. ஆனா அந்த ஷீட்ட உருவிட்டுத்தான் மூடணும். அது மேல ஒரு கூட மண்ணு வுழக் கூடாது."

"பொணம் வெயிட்டிங்ல இருக்குது அண்ணி..."

"இருக்கட்டும்."

மகள் நானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அந்தப் பள்ளத்தின் பக்கம் அவள் போவது அன்றுதான், விழுந்த பிறகு முதல்முறை. வரப்பு வரைக்கும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடியே நடந்தேன்.

என்ஜினை வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். ஆட்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஷீட்டைப் பிடித்து இழுத்தார்கள். லேசில் வரவில்லை. "இன்னாடா, கிழவன் அடியில உக்காந்து புடிச்சிக்கினு இருக்கறானா?" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் அவன் தலையில் தட்டினான். கிழிபடும் சத்தத்தோடு ஷீட் எழும்பி வந்தது. அதன் அடிப்பக்கத்தில் வேர்கள் தொங்கின. புங்கவேர். ஷீட்டுக்கும் கீழே இறங்கி, பள்ளத்தின் அடியில் நுழைந்து, அந்தப் பக்கத்துச் சுவரில் மேலே ஏறியிருந்தது. மகள் குனிந்து தொங்கிய வேர் ஒன்றைப் பிய்த்தாள். அதிலிருந்த மிளகளவு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு, பல் முளைக்காத குழந்தையின் ஈறு மாதிரி.

"உயிரோட வேல செஞ்சிக்கினு இருக்குதும்மா," என்றாள். விழுந்ததிலிருந்து அவள் குரல் அப்படித் துள்ளி நான் கேட்டதில்லை. "வேரே போயிருக்குதுன்னா பூஞ்ச எப்பவோ போயிருக்கும். தாத்தாவுக்குத் தெரியாமயே."

அவள் பார்த்த பக்கம் நான் பார்க்கவில்லை. எதைப் பிடித்து அவள் ஏறியிருக்கலாம் என்று அந்த மண்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தடி மேட்டிலிருந்து மண்ணை வெட்டிப் போட்டு மிதித்தார்கள். பாடை எங்கள் பாதையில் வந்து, எங்கள் மண்ணின்மேல் ஏறி, அவர் பக்கம் இறங்கியது. மகள் கும்பிட்டாள். அஞ்சலையும் கும்பிட்டாள். எனக்குக் கை எழவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, பெரிய பிள்ளை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டான். கறுப்பு ஷீட் எங்கள் பாதையோரம் சேறும் தண்ணீருமாகச் சுருண்டு கிடந்தது.

"அண்ணி, இந்தக் கருமத்த எங்க போடறது?"

"அது உங்களுது," என்றேன். "எங்க பக்கமா கெடக்கக் கூடாது. ஒரு துண்டு வுடாம பொறுக்கி உங்க பக்கம் போட்டுடு."

மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, என் பிடியிலிருந்து தன் மணிக்கட்டை மெல்ல உருவிக்கொண்டாள்.